ஒரே குணம் கொண்ட மனிதர்கள்



இங்கிலாந்தில் 1971ஆம் ஆண்டில் ஒரு சிறிய படப் புத்தகம் வெளிவந்தது. அதன் நாயகனுக்கு உருண்டையான ஆரஞ்சு நிற உடம்பு. மிக நீண்ட கைகள். பிறருக்குக் கிச்சுக்கிச்சு மூட்டுவதைத் தவிர அவனுக்கு வேறு வேலையே கிடையாது. "கிச்சுக்கிச்சு என்பது பார்ப்பதற்கு எப்படி இருக்கும்?" என்று தம் மகன் கேட்ட கேள்விக்கு விடையாக ரோஜர் ஹார்கிரீவ்ஸ் என்பவர் வரைந்த படம் அது. அடுத்தடுத்து அந்த வரிசையில் பல புத்தகங்கள் வந்தன. பெருந்தீனிக்காரர் ஒருவர்; பிறர் காரியத்தில் மூக்கை நுழைப்பவர் ஒருவர்; எந்நேரமும் தும்முபவர் ஒருவர்; போகுமிடமெல்லாம் மோதிக்கொண்டு கட்டுப் போட்டுக்கொள்பவர் ஒருவர்; எப்போதும் மகிழ்ச்சியாக இருப்பவர் ஒருவர். 1981ஆம் ஆண்டிலிருந்து பெண் பாத்திரங்களும் சேர்ந்தன. இவர்கள் எல்லாருக்கும் பொதுவான அம்சம் ஒன்று உண்டு. ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு குணம்; அந்தக் குணமே அவருடைய பெயர்.

இப்படிப்பட்ட மனிதர்கள் உண்மையில் உண்டா? இல்லையென்றால், நம் வகுப்பில் மட்டும் ஒருவனைச் "சோம்பேறி" என்றும், ஒருத்தியை "அழுமூஞ்சி" என்றும், மற்றொருவனை "மக்கு" என்றும் எப்படித் தயங்காமல் அழைக்கிறோம்? இது இலக்கியக் கேள்வி மட்டுமன்று. அளவீட்டைப் பற்றிய கேள்வியும் ஆகும். எனவே இயற்பியல் படிப்பவர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது.

பெயரே குணம்

ஒற்றைக் குணப் பாத்திரம் ஆங்கிலப் படப் புத்தகத்தின் கண்டுபிடிப்பு அன்று. குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா 1922ஆம் ஆண்டில் பிறந்தது எங்கள் செட்டிநாட்டு ராயவரத்தில். ஆனால் குழந்தைகளுக்குக் கதை சொல்லும் வழக்கம் அவருக்கும் அச்சுப் பொறிக்கும் மிக முந்தியது. வளவில் உட்கார்ந்து அப்பத்தா சொன்ன கதைகளிலேயே இத்தகைய பாத்திரங்களை நீங்கள் சந்தித்திருப்பீர்கள்.

பஞ்சதந்திரத்தில் ஒரு குளத்து மீன்கள் மூன்றின் கதை வருகிறது. வடமொழியில் அவற்றின் பெயர்கள் அநாகதவிதாதா, பிரத்யுத்பன்னமதி, யத்பவிஷ்யன் என்பன. முதல் பெயருக்கு, வரப்போவதற்கு முன்னரே ஏற்பாடு செய்பவன் என்பது பொருள். இரண்டாவது, சமயத்தில் புத்தி தோன்றுபவன். மூன்றாவது, நடப்பது நடக்கட்டும் என்று இருப்பவன். வலைஞர் வரப்போவதை அறிந்து முதல் மீன் முன்னதாகவே வெளியேறுகிறது, இரண்டாவது மீன் பிடிபட்டும் செத்ததுபோல் நடித்துத் தப்புகிறது, மூன்றாவது மாள்கிறது. பெயரைக் கேட்டவுடனேயே முடிவைச் சொல்லிவிடலாம்.

தமிழில் இன்னும் தெளிவான சான்று பரமார்த்த குரு கதை. இதை எழுதியவர் இத்தாலியில் 1680ஆம் ஆண்டில் பிறந்து தமிழகம் வந்து வாழ்ந்த வீரமாமுனிவர். இது 1822ஆம் ஆண்டில் இலண்டனில் ஆங்கில மொழிபெயர்ப்புடன் அச்சாயிற்று. குருவின் சீடர்கள் ஐவர்: மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன். மிலேச்சன் என்றால் நாகரிகம் அறியாதவன். மற்ற நான்கு பெயர்களும் அறிவின்மையைச் சுட்டுபவை. ஹார்கிரீவ்ஸ் ஆளுக்கு ஒரு குணம் கொடுத்தார் என்றால், வீரமாமுனிவர் ஐந்து பேருக்கும் சேர்த்து ஏறக்குறைய ஒரே குணத்தைக் கொடுத்தார்!

கிரேக்க நாட்டில் அரிஸ்டாட்டிலின் மாணவராகிய தியோபிராஸ்டஸ், முகத்துதி செய்பவன், வாயாடி, கஞ்சன் என்று 30 வகை மனிதர்களைக் குறுஞ்சித்திரங்களாக எழுதி வைத்தார். இவர் கி.மு. 4ஆம் நூற்றாண்டினர். செடிகொடிகளை வகைப்படுத்தி ஆராய்ந்ததற்காகத் தாவரவியலின் தந்தை என்று போற்றப்படுபவரும் இவரே. அண்மைக் காலத்துக்கு வந்தால், 1980ஆம் ஆண்டில் தொடங்கிய "டிங்கிள்" என்ற சிறுவர் இதழில் சுப்பாண்டி வந்தான். சொன்னதைச் சொன்னபடியே செய்து காரியத்தைக் கெடுப்பது அவன் குணம்.

ஆக, நாடும் மொழியும் காலமும் மாறினாலும் கதை சொல்பவர்கள் இந்த உத்தியைக் கைவிடவில்லை. ஏன்?

இயற்பியலிலும் இதே உத்தி

காரணத்தை அறிய உங்கள் ஆய்வுக்கூடத்திற்கே வாருங்கள். தனி ஊசல் என்றால் என்ன? எடையற்ற, நீளாத நூலில் தொங்கும் ஒரு புள்ளி நிறை. எடையற்ற நூலை எந்தக் கடையிலாவது வாங்க முடியுமா? புள்ளியளவே ஆன இரும்புக் குண்டு உண்டா? இல்லை. உண்மையான குண்டுக்குப் பருமன், நிறம், பளபளப்பு, வெப்பநிலை, விலை எல்லாம் உண்டு. நாம் அவற்றையெல்லாம் ஒதுக்கிவிட்டு, நிறை என்ற ஒன்றை மட்டும் வைத்துக்கொள்கிறோம். அவ்வாறு செய்ததால்தான் அலைவு நேரத்திற்கு ஓர் எளிய சூத்திரம் கிடைத்தது. ஒரு மீட்டர் நீளமுள்ள ஊசல் 20 அலைவுகளுக்கு ஏறத்தாழ 40 வினாடி எடுத்துக்கொள்ளும் என்று அந்தச் சூத்திரம் சொல்கிறது. கடிகாரமும் அதையே சொல்கிறது.

உராய்வற்ற தளம், வளையாத கட்டை, நல்லியல்பு வாயு ஆகியவை எல்லாம் இந்த இனத்தைச் சேர்ந்தவையே. இவற்றை நாம் மாதிரிகள் என்கிறோம். ஒரு குணத்தின் விளைவைத் தெளிவாகப் பார்க்க வேண்டுமானால் மற்றவற்றை விலக்க வேண்டும். படப் புத்தகமும் அதையே செய்கிறது. பேராசை என்றால் என்ன என்று ஐந்து வயதுக் குழந்தைக்கு இலக்கணம் கூற முடியாது. பேராசையை மட்டுமே உடைய ஒருவரைப் படைத்து, அவர் என்ன ஆகிறார் என்று காட்ட முடியும். ஒற்றைக் குணப் பாத்திரம் என்பது கதாசிரியரின் தனி ஊசல் எனலாம்.

மாதிரி எங்கே பொய்க்கிறது?

ஆனால் எந்த மாதிரிக்கும் ஓர் எல்லை உண்டு. தனி ஊசலின் சூத்திரத்தில் வீச்சு வருவதில்லை. ஊசலை 5 டிகிரி இழுத்து விட்டால் இதனால் ஏற்படும் பிழை 0.05 சதவீதமே. 30 டிகிரி இழுத்து விட்டால் பிழை 1.7 சதவீதம், 60 டிகிரியில் 7 சதவீதத்திற்கு மேல், 90 டிகிரியில் 18 சதவீதம். மேலே சொன்ன ஊசல் 60 டிகிரி வீச்சில் 20 அலைவுகளுக்கு 43 வினாடி எடுத்துக்கொள்ளும். அப்போது "ஊசல் தவறு செய்கிறது" என்று நாம் சொல்வதில்லை. "நம் மாதிரி இந்த இடத்திற்குப் போதாது" என்றே சொல்கிறோம்.

வாயுக்களின் கதை இன்னும் சுவையானது. நல்லியல்பு வாயுவின் மூலக்கூறுகளுக்குப் பருமன் இல்லை. அவை ஒன்றையொன்று ஈர்ப்பதும் இல்லை. அத்தகைய வாயுவை எவ்வளவுதான் குளிர்வித்தாலும் அது திரவமாகாது. ஆனால் உண்மை வாயுக்கள் திரவமாகின்றனவே! 1873ஆம் ஆண்டில் வான்டர் வால்ஸ் என்ற டச்சு அறிஞர், மூலக்கூறுகளுக்குச் சிறிது பருமனும் சிறிது ஈர்ப்பும் உண்டு என்று இரண்டே திருத்தங்களைச் சேர்த்தார். உடனே அந்த மாதிரி வாயு திரவமாவதையும் விளக்கிற்று. 1910ஆம் ஆண்டில் அவர் நோபல் பரிசு பெற்றார்.

இதிலிருந்து நாம் கற்க வேண்டியது ஒன்று உண்டு. ஒரே குணம் உடைய பொருளால் நிலை மாற முடியாது. சுப்பாண்டி நூறாவது கதையிலும் சுப்பாண்டிதான். யத்பவிஷ்யன் என்ற மீன் ஒருநாளும் முன்யோசனை கற்காது. மாறுவதற்கு இன்னொரு குணம் தேவை. ஒரு மாணவனை "இவன் இவ்வளவுதான்" என்று ஒற்றைச் சொல்லால் முடித்துவிடும்போது, அவன் மாறக்கூடிய வழியையும் நம் மனத்தில் அடைத்துவிடுகிறோம்.

சீடர்கள் செய்த சோதனை

பரமார்த்த குருவின் சீடர்களை மீண்டும் பார்ப்போம். ஆறு விழித்திருக்கும்போது இறங்கினால் ஆபத்து என்று அவர்களுக்குப் பயம். ஆகவே ஒரு சீடன் எரியும் கொள்ளிக்கட்டையை எடுத்துச் சென்று தண்ணீரைத் தொட்டுப் பார்க்கிறான். "சுர்" என்று ஓசை, புகை. ஆறு விழித்திருக்கிறது என்று ஓடி வருகிறான். சிறிது நேரம் கழித்து அதே கட்டையால் மறுபடி தொடுகிறான். ஓசை இல்லை, புகை இல்லை. ஆறு தூங்கிவிட்டது என்று அறிவிக்க, அனைவரும் ஓசைப்படாமல் ஆற்றைக் கடக்கிறார்கள்.

சிரித்து முடித்தபின் சற்று யோசியுங்கள். கொள்ளியின் நுனி பல நூறு டிகிரி வெப்பத்தில் இருக்கிறது. அதைத் தொட்ட நீர் கணத்தில் கொதித்து ஆவியாகிறது. ஒரு கிராம் நீர், 100 டிகிரி செல்சியஸில் ஆவியாகும்போது தன் பருமனைப் போல் ஏறக்குறைய 1,700 மடங்கு இடத்தைப் பிடிக்கும். அந்தத் திடீர் விரிவுதான் "சுர்" என்ற ஓசை. இரண்டாம் முறை கட்டை அணைந்து ஆறிப் போயிருந்தது. ஆகவே ஓசை எழவில்லை.

இப்போது மதிப்பெண் போடுங்கள். அவர்களுக்கு ஒரு ஐயம் எழுந்தது. ஒரு கருதுகோள் வகுத்தார்கள். கண்மூடித்தனமாக நம்பாமல் சோதித்தார்கள். ஒருமுறை போதாதென்று இரண்டாம் முறையும் சோதித்தார்கள். சோதனை முடிவின்படி நடந்தார்கள். இவ்வளவும் சரியே! ஒரே ஒரு பிழை: இரண்டு சோதனைகளுக்கு இடையே கொள்ளியின் நிலை மாறிவிட்டதைக் கவனிக்கவில்லை. ஒரு சோதனையில் ஒன்றை மட்டுமே மாற விட வேண்டும். மற்றவை மாறாமல் இருக்க வேண்டும் என்ற விதி அவர்களுக்குத் தெரியாது. "மூடன்" என்று சொல்லி விட்டுவிட்டால் அவனுக்கு ஒரு பயனும் இல்லை. "கொள்ளியை மறுபடி பற்றவைத்துத் தொட்டுப் பார்" என்று சொன்னால் அடுத்த நிமிடமே அவன் திருந்திவிடுவான். குணத்தின் பெயர் எங்கே தவறு என்று காட்டாது. தவறின் பெயர்தான் அதைக் காட்டும்.

குணத்தை அளக்க முடியுமா?

முதலில் குணங்கள் எத்தனை என்று பார்ப்போம். 1936ஆம் ஆண்டில் ஆல்போர்ட், ஒட்பர்ட் என்னும் இரு அமெரிக்க உளவியலாளர்கள் பெரிய ஆங்கில அகராதி ஒன்றைப் பக்கம் பக்கமாகப் புரட்டி, ஒருவரின் இயல்பையும் நடத்தையையும் வேறுபடுத்திச் சொல்லும் சொற்களைத் தொகுத்தார்கள். கிடைத்தவை 17,953! இத்தனை சொற்களுக்கும் ஆளுக்கொரு படப் புத்தகம் போட்டால் எந்த நூலகத்திலும் இடம் இருக்காது.

ஆனால் இவற்றில் பல சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிச் செல்பவை. "பேச்சுக்காரர்" என்று மதிப்பிடப்படுபவர் பெரும்பாலும் "கலகலப்பானவர்" என்றும் மதிப்பிடப்படுகிறார். இப்படிச் சேர்ந்து வருபவற்றைப் புள்ளியியல் முறையில் தொகுத்துக்கொண்டே போன ஆய்வாளர்கள், பிற்காலத்தில் ஐந்து பெரும் பரிமாணங்களுக்கு வந்து சேர்ந்தார்கள். அவை: புதுமை நாட்டம், பொறுப்புணர்வு, கலகலப்பு, இணக்கம், மனக்கலக்கம். நேர்மையையும் பணிவையும் சேர்த்து ஆறாவது ஒன்றும் வேண்டும் என்று கூறுவோரும் உண்டு. இதுவும் ஒரு மாதிரியே. ஆனால் ஒற்றைச் சொல்லைவிட எவ்வளவோ மேலான மாதிரி.

இங்கே ஒரு முக்கியமான செய்தி. இந்தப் பரிமாணங்கள் பெட்டிகள் அல்ல, அளவுகோல்கள். கலகலப்பானவர், கூச்சமுள்ளவர் என்று இரண்டு சாதி மனிதர்கள் இல்லை. உயரத்தைப் போலவே, மிகக் குறைவாகச் சிலர், மிக அதிகமாகச் சிலர், நடுவில் பெரும்பாலோர் என்று மணி வடிவ வளைவாகப் பரவியிருக்கிறார்கள். இயல்நிலைப் பரவலில், சராசரியிலிருந்து இரு பக்கமும் ஒரு திட்ட விலக்கத்திற்குள் 100க்கு 68 பேர் அடங்குவர். இவர்களை "நடுத்தரத்தினர்" என்று வைத்துக்கொள்வோம்.

அப்படியானால் எல்லாப் பரிமாணங்களிலும் நடுத்தரமாக இருப்பவர்கள் எத்தனை பேர்? ஐந்தும் ஒன்றையொன்று சாராதவை என்று எளிமைக்காகக் கொள்வோம். உண்மையில் சிறிது சார்ந்தவையே. ஆயினும் தோராயமான விடை மாறாது. 0.68ஐ ஐந்து முறை பெருக்குங்கள். விடை 0.145. அதாவது 100 பேரில் சுமார் 15 பேரே ஐந்திலும் நடுத்தரமானவர்கள். மீதி 85 பேரும் ஏதேனும் ஒரு பரிமாணத்திலாவது துருத்திக்கொண்டு தெரிவார்கள்.

பட்டப்பெயர் எங்கிருந்து பிறக்கிறது என்று இப்போது விளங்குகிறதா? நம் ஒவ்வொருவரிடமும் துருத்திக்கொண்டு தெரியும் ஒன்று இருக்க வாய்ப்பு அதிகம். பார்ப்பவர் கண்ணில் அது முதலில் படுகிறது. உடனே அதுவே நம் பெயராகிவிடுகிறது. அமைதியாகப் பின்னால் நிற்கும் மற்ற நான்கும் கணக்கில் வருவதில்லை.

ஒரு சோறு பதமா?

"ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்பார்கள். இது நல்ல அறிவியல். பானைக்குள் எல்லா அரிசியும் ஒரே நீரில், ஒரே வெப்பநிலையில், ஒரே நேரம் கொதித்தவை. ஆகவே ஒன்று மற்றவற்றுக்குச் சான்றாகும். ஆத்தங்குடிக் கல் பதித்த ஒரு கூடத்தை நினைத்துப் பாருங்கள். ஓரத்தில் கரைக்கல், நடுவில் பூக்கோலம். ஓரத்துக் கல் ஒன்றைப் பார்த்து நடுக்கோலத்தைச் சொல்ல முடியுமா? சொல்ல முடியாது. மனிதனின் நாட்கள் பானைச் சோறா, கூடத்துத் தரையா?

இதை ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள். ஹார்ட்ஸ்ஹார்ன், மே என்ற இருவர் அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான பள்ளி மாணவர்களைச் சோதித்து, 1928ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டார்கள். தன் விடைத்தாளைத் தானே திருத்தும்போது ஏமாற்றுகிறானா, காசு கையில் கிடைத்தால் எடுத்துக்கொள்கிறானா, விளையாட்டில் பொய் சொல்கிறானா என்று பல சூழ்நிலைகளில் பார்த்தார்கள். நேர்மையானவன் எங்கும் நேர்மையானவனாகவும், ஏமாற்றுகிறவன் எங்கும் ஏமாற்றுகிறவனாகவும் இருப்பான் என்று நாம் எதிர்பார்ப்போம். நடந்தது அப்படியன்று. ஒரு சூழ்நிலையின் முடிவுக்கும் மற்றொரு சூழ்நிலையின் முடிவுக்கும் இடையே இருந்த ஒட்டுறவுக் கெழு 0.2 அளவிலேயே இருந்தது. முழுப் பொருத்தம் என்றால் இந்த எண் 1. தொடர்பே இல்லை என்றால் 0. ஒரு நிகழ்ச்சி இன்னொரு நிகழ்ச்சிக்கு மிகக் குறைந்த சான்றே ஆகிறது.

அப்படியானால் குணம் என்பதே பொய்யா? அவசரப்படக் கூடாது. ஊசலின் அலைவு நேரத்தை அறிய ஓர் அலைவை மட்டும் அளக்கிறோமா? 20 அலைவுகளை அளந்து, அதையும் மறுபடி மறுபடி செய்து சராசரி காண்கிறோம். தனி அளவீடுகளில் உள்ள ஏற்ற இறக்கங்கள் சராசரியில் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. மனிதர்களுக்கும் இதே கணக்கு உண்டு. ஸ்பியர்மன், பிரவுன் ஆகிய இருவர் 1910ஆம் ஆண்டில் தனித்தனியே வெளியிட்ட சூத்திரம் இது:

சராசரியின் நம்பகம் = (ந × ஒ) ÷ [1 + (ந − 1) × ஒ]

இதில் ந என்பது எத்தனை முறை பார்த்தோம் என்பது. ஒ என்பது ஒரு தடவைக்கும் மறு தடவைக்கும் உள்ள ஒட்டுறவு. ஒ = 0.2 என்று போட்டுப் பாருங்கள்.

ஒருமுறை பார்த்தால் நம்பகம் 0.2.
4 முறை பார்த்தால் 0.5.
16 முறை பார்த்தால் 0.8.
36 முறை பார்த்தால் 0.9.

ஒரு நாள் நடத்தையை வைத்து ஒருவரைப் பற்றிச் சொல்வது பெரும்பாலும் தவறாகப் போகும். பலவகைச் சூழ்நிலைகளில் 16 முறை பார்த்துச் சொன்னால் அதற்கு ஓரளவு மதிப்பு உண்டு. குணம் என்பது ஒரு நிகழ்ச்சியில் இல்லை, சராசரியில் இருக்கிறது. 2001ஆம் ஆண்டில் பிளீசன் என்ற உளவியலாளர் வெளியிட்ட ஆய்விலும் இதுவே தெரிந்தது. ஒரே மனிதர் சில நாட்களுக்குள்ளேயே மிகக் கூச்சமாகவும் மிகக் கலகலப்பாகவும் நடந்துகொள்கிறார். ஆனால் அவருடைய வாரச் சராசரி மட்டும் அதிகம் மாறுவதில்லை. அந்தச் சராசரியும் கல்லில் பொறித்ததன்று. இருபது வயது முதல் நாற்பது வயது வரை பெரும்பாலோருக்குப் பொறுப்புணர்வு படிப்படியாக உயர்கிறது என்று நீண்டகால ஆய்வுகள் காட்டுகின்றன.

சூழ்நிலையை மறக்கும் கண்

பிறரைப் பார்க்கும்போது இன்னொரு பிழையும் செய்கிறோம். 1967ஆம் ஆண்டில் ஜோன்ஸ், ஹாரிஸ் என்ற இருவர் அமெரிக்காவில் கல்லூரி மாணவர்களிடம் சில கட்டுரைகளைக் கொடுத்தார்கள். கியூபாவின் தலைவர் காஸ்ட்ரோவை ஆதரித்துச் சில, எதிர்த்துச் சில. "எந்தப் பக்கம் எழுதுவது என்பதை எழுதியவர் தேர்ந்தெடுக்கவில்லை, அவருக்குக் கட்டளையிடப்பட்டது" என்று சிலரிடம் தெளிவாகவே சொன்னார்கள். அப்படியிருந்தும், ஆதரித்து எழுதியவர் உள்ளத்திலும் ஆதரவாளராகவே இருப்பார் என்று மாணவர்கள் எண்ணினார்கள். வெளியிலிருந்து வந்த கட்டாயத்தைக் கண் பார்க்கவில்லை. ஆளை மட்டுமே பார்த்தது.

இது நம் வகுப்பறையில் என்ன செய்யும் என்று பாருங்கள். ஒன்பதாம் வகுப்பில் ஒரு மாணவன் கரும்பலகையைப் பார்த்து எழுதும்போது எண்களை மாற்றி எழுதுகிறான் என்று வைத்துக்கொள்வோம். 3 என்பது 8 ஆகிறது; கணக்குத் தவறாகிறது. சில நாளில் எழுதுவதையே விட்டுவிடுகிறான். பக்கத்துப் பையனோடு பேசுகிறான். "கவனமில்லாதவன்", பிறகு "சோம்பேறி", ஆண்டு முடிவதற்குள் "மக்கு". பெயர் வந்துவிட்டது, கதை முடிந்துவிட்டது.

இப்போது ஓர் அளவீட்டைச் செய்வோம். அவனுக்குத் தெளிவாகத் தெரியும் தொலைவு ஒரு மீட்டர்தான் என்று தெரிகிறது. கரும்பலகையோ ஐந்து மீட்டர் தள்ளி இருக்கிறது. இது கிட்டப்பார்வை. உங்கள் பாடத்தில் படித்ததுதான்: ஒரு மீட்டர் குவியத் தூரமுள்ள குழி லென்ஸ், அதாவது கழித்தல் ஒரு டயாப்டர் திறன், இந்தக் குறையை நீக்கிவிடும். கிட்டப்பார்வை பெரும்பாலும் பள்ளிப் பருவத்திலேயே தோன்றுகிறது. மெல்ல மெல்ல வருவதால் அந்த மாணவனுக்கே தெரிவதில்லை. எல்லாருக்கும் இப்படித்தான் தெரியும் என்று நினைத்துக்கொள்கிறான். ஒரு மெல்லிய கண்ணாடி தீர்த்திருக்க வேண்டியதை ஒரு சொல் மூடி மறைத்துவிட்டது.

காரணம் எப்போதும் கண்ணாக இருக்கும் என்பதில்லை. காது மந்தமாக இருக்கலாம். விடியுமுன் எழுந்து தண்ணீர் எடுத்துவிட்டு இரண்டு பஸ் மாறி வரும் மாணவி மூன்றாவது வகுப்பில் தூங்கலாம். வீட்டில் நோயாளி இருக்கலாம். இவற்றைக் கேட்டால்தான் தெரியும். பட்டப்பெயர் வைத்தபின் யாரும் கேட்பதில்லை. அதுதான் அதன் பெருந்தீமை. நமக்கு நாமே வைத்துக்கொள்ளும் பெயரும் அப்படியே. "எனக்குக் கணக்கு வராது" என்று ஒரு மாணவி சொல்லும்போது, தன்னையே ஒரு படப் புத்தகப் பாத்திரமாக ஆக்கிக்கொள்கிறாள். "பின்னங்களின் வகுத்தல் எனக்கு இன்னும் பிடிபடவில்லை" என்று சொன்னால் அடுத்து என்ன படிப்பது என்பது தெரிந்துவிடும்.

செய்து பாருங்கள்

ஒரு நோட்டில் 16 நாட்களுக்கு ஓர் அட்டவணை போடுங்கள். ஒரு குணத்தைத் தேர்ந்தெடுங்கள். பொறுப்புணர்வு என்று வைத்துக்கொள்வோம். "இன்று செய்ய வேண்டியதை இன்றே செய்தேனா?" என்ற கேள்விக்கு ஒவ்வோர் இரவும் 1 முதல் 10 வரை மதிப்பெண் இடுங்கள். பக்கத்தில் அன்றைய சூழ்நிலையை இரண்டு சொற்களில் எழுதுங்கள்: தேர்வு, திருவிழா, காய்ச்சல், விருந்தாளி, மின்தடை.

16 நாள் முடிந்தபின் மிகக் கூடிய மதிப்பெண், மிகக் குறைந்த மதிப்பெண், சராசரி மூன்றையும் காணுங்கள். பிறகு முதல் எட்டு நாளின் சராசரியையும் அடுத்த எட்டு நாளின் சராசரியையும் ஒப்பிடுங்கள். இரண்டு தனி நாட்களுக்கு இடையே உள்ள வேறுபாட்டைவிட இந்த இரு சராசரிகளுக்கு இடையே உள்ள வேறுபாடு சிறியதாக இருக்கிறதா என்று பாருங்கள். குறைந்த மதிப்பெண் பெற்ற நாட்களின் சூழ்நிலைகளில் ஏதேனும் ஒன்று திரும்பத் திரும்ப வருகிறதா என்றும் தேடுங்கள்.

ஒரு நிபந்தனை: இந்த அட்டவணையை உங்களைப் பற்றி மட்டுமே போட வேண்டும், நண்பனைப் பற்றிப் போடக் கூடாது. அவனுடைய நாளில் ஒரு சிறு பகுதியையே நீங்கள் பார்க்கிறீர்கள். மேலும், ஆற்றைக் கடந்த சீடர்கள் கரையேறியபின் என்ன செய்தார்கள் என்பது நினைவிருக்கிறதல்லவா? குருவோடு சேர்த்து ஆறு பேர். எண்ணியவன் தன்னை விட்டுவிட்டு மற்ற ஐவரை மட்டும் எண்ணினான்; ஒருவரை ஆறு கொண்டுபோய்விட்டது என்று அனைவரும் அழுதார்கள். பிறரின் குணங்களை எண்ணுகிறவன் முதலில் எண்ண வேண்டியது தன்னை.

சிந்திக்கச் சில வினாக்கள்

1. சீடர்களின் கொள்ளிக்கட்டைச் சோதனையைச் சரியான சோதனையாக மாற்ற நீங்கள் என்னென்ன செய்வீர்கள்?

2. ஒ = 0.5 என்றால், நம்பகம் 0.8 ஆவதற்கு எத்தனை முறை பார்க்க வேண்டும்? (விடை: 4)

3. பரிமாணங்கள் ஆறு என்று கொண்டால், ஆறிலும் நடுத்தரமாக இருப்பவர்கள் 100க்கு எத்தனை பேர்? (விடை: சுமார் 10)

4. உங்கள் வகுப்பில் பட்டப்பெயர் பெற்ற ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெயருக்குப் பொருந்தாத அவருடைய செயல்கள் மூன்றை உங்களால் சொல்ல முடியுமா? முடியவில்லை என்றால், நீங்கள் இதுவரை எடுத்த அளவீடுகள் போதா.